மேகம் யாருக்குச் சொந்தம்? வானிலைத் தடைச் சட்டங்கள் சொல்லும் பாடம்

போன தை மாதக் கூட்டத்தில் ஒரு தம்பி எழுந்து கைபேசியைத் தூக்கிக் காட்டினார். நீல வானத்தில் ஒரு விமானம் போகிறது. அதன் பின்னால் நீளமாக ஒரு வெள்ளைக் கோடு.

"அண்ணே, இதுதான் நம்ம மழையைக் கெடுக்குது. மேலேருந்து மருந்து தெளிக்கிறான். அமெரிக்காவுல சட்டம் போட்டே தடை பண்ணிட்டாங்களாம். நாமளும் ஒரு தீர்மானம் போட்டு கலெக்டருக்கு அனுப்பணும்."

கூட்டத்தில் பாதிப் பேர் தலையாட்டினார்கள். நானும் ஆட்டினேன். ஆட்டாமல் இருக்க முடியாது. மூன்று நாளுக்கு முன்னால் அந்தக் காணொளியை எங்கள் குழுவில் பகிர்ந்தவனே நான்தான்.

தம்பிக்கு நாலு ஏக்கர் மானாவாரி. ரசாயனத்தை விட்டு இரண்டு வருடம் ஆகிறது. இரண்டு வருடமும் கதிர் பால் பிடிக்கும் நேரத்தில் மழை நின்றுபோனது. அவர் அடுத்துச் சொன்னதுதான் என்னைத் தைத்தது. "வரப்பை உயர்த்தச் சொன்னீங்க. குட்டை வெட்டச் சொன்னீங்க. மேலேயே ஒருத்தன் மழையை நிறுத்துறான்னா, கீழே நான் குட்டை வெட்டி என்னண்ணே ஆகப்போகுது? நிலத்தைக் குத்தகைக்கு விட்டுட்டு திருப்பூர் போயிடலாம்னு இருக்கேன்."

பகிர்ந்தது நான். நம்பியது அவர். நிலத்தை விடப்போவதும் அவர். தீர்மானத்தை ஒரு மாதம் தள்ளிவைக்கச் சொல்லிக் கேட்டுக்கொண்டேன். அந்த மாதத்தில் நான் படித்துத் தெரிந்துகொண்டதைத்தான் இங்கே எழுதுகிறேன். நம் படிப்பு வட்டங்களில் வாசித்துப் பேசுங்கள்.

சட்டம் போட்டது உண்மையா?

உண்மைதான். அமெரிக்காவில் டென்னசி மாநிலம் 2024-ல் ஒரு சட்டம் நிறைவேற்றியது. அந்த ஆண்டு ஜூலை 1 முதல் அது நடைமுறைக்கு வந்தது. வெப்பநிலையையோ வானிலையையோ சூரிய ஒளியின் அளவையோ மாற்றும் நோக்கத்தோடு, மாநில எல்லைக்குள் எந்த வேதிப்பொருளையும் காற்றில் கலக்கக் கூடாது என்கிறது அது.

அடுத்தது புளோரிடா. 2025 ஜூலை 1 முதல் அங்கே தடை. உரிமம் வாங்கிக்கொண்டு செய்யலாம் என்று இருந்த பழைய சட்டப் பிரிவுகளை எடுத்துவிட்டு, முழுத் தடையாக மாற்றினார்கள். மீறினால் 5 ஆண்டு வரை சிறை, 1,00,000 டாலர் வரை அபராதம். விமான நிலையங்கள் மாதாமாதம் இது பற்றி அறிக்கை தர வேண்டும் என்றும் சேர்த்தார்கள். அதே 2025-ல் லூசியானாவும் தடைச் சட்டம் போட்டது. வேறு பல மாநிலச் சட்டமன்றங்களிலும் இதே மாதிரி மசோதாக்கள் வந்தன.

காணொளி சொன்னதில் பாதி சரி. சட்டம் வந்தது உண்மை. ஆனால் சட்டம் வந்ததாலேயே வெள்ளைக் கோடுதான் மருந்து என்று ஆகிவிடுமா? அங்கேதான் நான் சறுக்கியிருந்தேன்.

இந்தச் சட்டங்களுக்குப் பின்னால் மூன்று வேறு விஷயங்கள் கலந்து கிடக்கின்றன. ஒன்று, விமானத்தின் பின்னால் வரும் கோடு. இரண்டு, மேக விதைப்பு. மூன்று, பூமியைக் குளிர்விக்க வெயிலை மறைக்கும் திட்டம். மூன்றையும் ஒரே மூட்டையில் கட்டியதால்தான் இவ்வளவு குழப்பம். தனித்தனியாகப் பிரித்துப் பார்ப்போம்.

முதல் விஷயம்: வெள்ளைக் கோடு

விமான எரிபொருள் எரியும்போது நீராவி வரும். ஒரு கிலோ எரிபொருள் எரிந்தால் ஏறத்தாழ ஒன்றேகால் கிலோ தண்ணீர் ஆவியாக வெளியேறும். பெரிய விமானங்கள் 30,000 அடிக்கு மேலே பறக்கின்றன. அங்கே குளிர் பூஜ்யத்துக்குக் கீழே 40 டிகிரிக்கும் போகும். அந்தக் குளிரில் நீராவி உடனே பனித்துகளாக உறைகிறது. மார்கழிக் காலையில் நம் வாயிலிருந்து புகை வருகிறதே, அதே கதைதான்.

மேலே காற்று வறண்டிருந்தால் கோடு சட்டென்று மறையும். ஈரம் இருந்தால் நீளமாக நின்று பரவும். ஒரே நாளில் ஒரு விமானத்துக்குக் கோடு இருப்பதும் இன்னொன்றுக்கு இல்லாததும் இதனால்தான். உயரத்துக்கு உயரம் ஈரம் மாறும்.

டென்னசி, புளோரிடா விவாதங்களில் இந்தக் கோட்டைப் பற்றிய பயம் பெரிய பங்கு வகித்தது. சட்டம் போட்ட பிறகும் அந்த மாநிலங்களின் வானத்தில் கோடுகள் இருக்கின்றன. விமானம் பறக்கும்வரை இருக்கத்தான் செய்யும். இந்தப் பனிக்கோடுகளும் பூமியின் வெப்பத்தைக் கொஞ்சம் பிடித்துவைக்கின்றன என்பதும் உண்மை. அது வேறு கணக்கு. நம் வயலுக்கு வர வேண்டிய மழையை அவை நிறுத்துவதில்லை.

இரண்டாவது விஷயம்: மேக விதைப்பு

இது கற்பனை இல்லை. 1946 நவம்பர் 13-ஆம் தேதி வின்சென்ட் ஷேஃபர் என்ற அமெரிக்க ஆய்வாளர் விமானத்திலிருந்து ஒரு மேகத்தின் மேல் உலர்பனியைத் தூவினார். மேகத்திலிருந்து பனித்துகள்கள் இறங்கின. அதே ஆய்வுக்கூடத்தில் பெர்னார்ட் வானகட் என்பவர் வெள்ளி அயோடைடும் அதே வேலையைச் செய்யும் என்று கண்டுபிடித்தார்.

எப்படி வேலை செய்கிறது? மேகத்தில் இருப்பவை மிகச் சிறிய நீர்த்துளிகள். ஏறத்தாழ பத்து லட்சம் துளிகள் ஒன்று சேர்ந்தால்தான் ஒரு மழைத்துளி. உயரமான மேகத்தில் பூஜ்யத்துக்குக் கீழே போன பிறகும் தண்ணீர் உறையாமல் திரவமாகவே நிற்கும். அது உறைவதற்கு ஒரு கரு வேண்டும். வெள்ளி அயோடைடின் படிக அமைப்பு பனிக்கட்டியை ஒத்திருப்பதால் அது கருவாகிறது. பாலுக்கு உறை ஊற்றுகிற மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள். நம் ஊர் மாதிரி வெப்பமான இடங்களின் தாழ்வான மேகங்களுக்கு உப்பு வகைகளைத் தூவுவார்கள். உப்பு ஈரத்தை இழுத்துத் துளியைப் பெரிதாக்கும்.

இதில் ஒன்றை மறக்கக் கூடாது. பால் இருந்தால்தான் உறை ஊற்ற முடியும். மேகம் இல்லாத வானத்தில் எதைத் தூவினாலும் மழை வராது. 2025 அக்டோபர் 28-ல் டெல்லியில் காற்று மாசைக் குறைக்க மேக விதைப்பு செய்தார்கள். மேகத்தில் ஈரம் 15 முதல் 20 சதவீதம்தான் இருந்தது. எதிர்பார்த்த மழை வரவில்லை.

சரியான மேகத்தில் செய்தால் எவ்வளவு கூடும்? அமெரிக்க அரசின் தணிக்கை அமைப்பு 2024 டிசம்பரில் ஒரு அறிக்கை வெளியிட்டது. அவர்கள் பார்த்த ஆய்வுகளில் கூடுதல் மழையின் அளவு பூஜ்யத்திலிருந்து 20 சதவீதம் வரை இருந்தது. பூஜ்யமும் அதில் சேர்த்தி என்பதைக் கவனியுங்கள். நம் நாட்டில் சோலாப்பூர் பகுதியில் 2018, 2019-ல் புனே வெப்பமண்டல வானிலை ஆய்வு நிறுவனம் முறையாகச் சோதனை செய்தது. காற்று போகும் திசையில் 100 சதுர கிலோமீட்டர் பரப்பில் சுமார் 18 சதவீதம் மழை கூடியதாகச் சொன்னார்கள்.

தமிழ்நாட்டுக்கும் இது புதிதில்லை. 1983-லும், 1984 முதல் 1987 வரையிலும், 1993-94-லும் வறட்சியைச் சமாளிக்க மாநில அரசு மேக விதைப்பு செய்தது. கர்நாடகம் 2003-லும் 2017-லும் செய்தது.

மூன்றாவது விஷயம்: வெயிலை மறைப்பது

1991-ல் பிலிப்பைன்ஸில் பினடூபோ எரிமலை வெடித்தது. அது கக்கிய கந்தகப் புகை மேலடுக்கில் பரவி, அடுத்த ஓரிரு ஆண்டுகளுக்கு உலகின் சராசரி வெப்பத்தை அரை டிகிரி அளவுக்குக் குறைத்தது. அதையே நாமும் செய்தால் என்ன என்று கேட்கிறவர்கள் இருக்கிறார்கள். பெரிய அளவில் இதுவரை யாரும் செய்யவில்லை. ஆனால் ஒரு சிறு தனியார் நிறுவனம் மெக்சிகோவில் பலூனில் கந்தக வாயுவை ஏற்றி விட்டது. யாரிடமும் அனுமதி கேட்கவில்லை. விஷயம் வெளியே வந்ததும் 2023 ஜனவரியில் மெக்சிகோ அரசு இதற்குத் தடை விதிக்கப்போவதாக அறிவித்தது.

பருவமழையை நம்பி வாழும் நாம் உண்மையாகவே கவலைப்பட வேண்டியது இதைப் பற்றித்தான். வட பாதி உலகத்தின் மேல் மட்டும் இப்படிப் புகை போட்டால் வெப்பமண்டல மழைப்பட்டை தெற்கே நகரக்கூடும் என்று கணினி மாதிரி ஆய்வுகள் காட்டுகின்றன. எங்கோ ஒரு நாடு தன் வெயிலைக் குறைக்கப் போய், இன்னொரு நாட்டு உழவரின் விதைப்புப் பட்டம் தவறினால் யாரிடம் போய்க் கேட்பது?

60 ஆண்டுகளுக்கு முன்னால் உழவர்களே கேட்ட தடை

படித்துக்கொண்டே போனபோது ஒன்று என்னை நிறுத்திவிட்டது. வானிலையில் கைவைப்பதற்கு எதிரான தடை டென்னசியில் தொடங்கவில்லை. 1960-களிலேயே வந்துவிட்டது. அதைக் கேட்டவர்கள் விவசாயிகள். கேட்டதும் இன்னொரு விவசாயிக்கு எதிராகத்தான்.

அமெரிக்காவின் கிழக்கே பென்சில்வேனியா, மேரிலாந்து, வர்ஜீனியா, மேற்கு வர்ஜீனியா மாநிலங்கள் அடுத்தடுத்து இருக்கின்றன. மலையடிவாரத்தில் ஆப்பிள், பீச் தோட்டங்கள். பழம் திரளும் நேரத்தில் ஆலங்கட்டி மழை விழுந்தால் ஒரு வருட உழைப்பு அரை மணி நேரத்தில் போய்விடும். தழும்பு விழுந்த பழத்தை யாரும் வாங்க மாட்டார்கள். அதனால் தோட்டக்காரர்கள் சங்கமாகச் சேர்ந்து, மேகத்துக்குள் வெள்ளி அயோடைடு புகையை விட ஒரு நிறுவனத்தை அமர்த்தினார்கள். கரு நிறைய இருந்தால் பெரிய கட்டிக்குப் பதிலாகச் சிறு சிறு கட்டியாக உருவாகும், கீழே வருவதற்குள் கரைந்துவிடும் என்பது கணக்கு.

அதே வட்டாரத்தில் மாடு வளர்ப்பவர்களும் தானியம் விளைவிப்பவர்களும் இருந்தார்கள். அவர்களுக்கு ஆலங்கட்டி பெரிய பயமில்லை. மேய்ச்சல் புல்லுக்கும் சோளத்துக்கும் மழை வேண்டும். 1960-களின் தொடக்கத்தில் கடும் வறட்சி வந்தது. கருத்துத் திரண்டு வரும் மேகம் புகை போட்டதும் கலைந்துபோகிறது என்று அவர்கள் சொன்னார்கள். ஒருவருடைய ஆப்பிளைக் காப்பாற்ற இன்னொருவருடைய மாடு பட்டினி கிடப்பதா என்று கேட்டார்கள். இயற்கை வானிலைச் சங்கம் என்றே அமைப்பு தொடங்கிப் போராடினார்கள்.

1965-ல் மேரிலாந்து தற்காலிகத் தடைச் சட்டம் போட்டது. பென்சில்வேனியாவில் ஏர் என்ற சிற்றூராட்சி தன் எல்லைக்குள் மேக விதைப்பு கூடாது என்று விதி போட்டது. நம் ஏர் இல்லை, ஊரின் பெயரே அதுதான். மீறிய ஒருவர் மேல் வழக்கு வந்தபோது, 1968-ல் நீதிமன்றம் ஊராட்சியின் பக்கம் நின்றது.

அதே 1968-ல் இன்னொரு வழக்கு. இயற்கை வானிலைச் சங்கத்தார் பழத்தோட்டச் சங்கத்தின் மேல் தொடுத்தது. அதில் நீதிமன்றம் இரண்டு விஷயம் சொன்னது. இரண்டையும் நாம் சேர்த்தே படிக்க வேண்டும்.

முதலாவது, காற்றும் வெயிலும் போல மேகமும் அதில் உள்ள ஈரமும் எல்லோருக்கும் பொது. அண்டை வீட்டாருக்குக் கேடு வரும்படி ஒருவர் தன் தேவைக்காக மட்டும் அதில் கைவைக்க உரிமையில்லை.

இரண்டாவது, ஆனாலும் புகை போட்டதால்தான் மழை நின்றது என்று வழக்குத் தொடுத்தவர்கள் நிரூபிக்கவில்லை. அதனால் தடையாணை கிடையாது.

கொள்கையில் ஜெயித்தார்கள், வழக்கில் தோற்றார்கள். தோற்றதற்குக் காரணம் இருந்தது. அந்த வறட்சி புகை போட்ட மலையடிவாரத்தோடு நிற்கவில்லை. வடகிழக்கு அமெரிக்கா முழுக்க வாட்டியது. தூரத்து நியூயார்க் நகரத்தின் நீர்த்தேக்கங்கள்கூட வற்றின. வானம் தானே பொய்த்ததையும் மனிதன் கெடுத்ததையும் வெறும் கண்ணால் பிரித்துக் காட்ட அவர்களால் முடியவில்லை.

அதற்கு முன்பே, 1958-ல் டெக்சாஸில் நடந்த வழக்கு வேறு மாதிரி முடிந்தது. அங்கே பக்கத்து மாவட்டப் பயிர்க்காரர்கள் ஆலங்கட்டியைத் தடுக்க விமானம் வைத்தார்கள். மேய்ச்சல் நிலக்காரர்கள் வழக்குப் போட்டார்கள். விமானம் வந்துபோன பின் மேகம் கலைந்ததைக் கண்ணால் பார்த்தோம் என்று பலர் சாட்சி சொன்னார்கள். இயற்கை தரும் மழையைப் பெற நிலத்துக்காரருக்கு உரிமை உண்டு என்று சொல்லி நீதிமன்றம் அவர்கள் நிலத்துக்கு மேலே பறக்கத் தடை கொடுத்தது.

ஒரே நாட்டில், பத்து வருட இடைவெளியில், ஏறத்தாழ ஒரே மாதிரிச் சண்டைக்கு இரண்டு முடிவு. கண்ணால் பார்த்த சாட்சி ஓரிடத்தில் போதுமானதாக இருந்தது, இன்னோரிடத்தில் போதவில்லை.

எல்லாச் சட்டமும் ஒன்றல்ல

சட்டம் வேண்டும் என்று கேட்பதற்கு முன் என்ன மாதிரிச் சட்டம் என்று தெரிந்துகொள்ள வேண்டும். நான் படித்தவற்றை நான்கு வகையாகப் பிரித்துப் பார்த்தேன்.

முழுத் தடை: டென்னசி, புளோரிடா போட்டது. கேட்க எளிது. ஆனால் எதை அளப்பது, எப்படிக் கண்டுபிடிப்பது என்பது கடினம். வெள்ளைக் கோட்டைப் பார்த்ததாக ஆயிரம் புகார் வந்தால் உண்மையான ஒரு புகார் அதற்குள் காணாமல் போய்விடும்.

அறிவிப்பு: அமெரிக்காவில் 1971-ல் வந்த ஒன்றிய அரசுச் சட்டப்படி, யார் வானிலையில் கைவைத்தாலும் முன்கூட்டியே அரசுக்குத் தெரிவித்து, என்ன தூவினோம், எங்கே, எப்போது என்று கணக்குக் கொடுக்க வேண்டும்.

ஒப்புதல்: டெக்சாஸில் உரிமமும் அனுமதியும் வேண்டும், செய்தித்தாளில் முன்னறிவிப்பும் போட வேண்டும். வடக்கு டகோட்டாவில் ஆலங்கட்டி குறைப்புத் திட்டத்தில் சேர்வதா வேண்டாமா என்பதை மாவட்டம்தான் முடிவு செய்கிறது. சில மாவட்டங்கள் இருந்துவிட்டு விலகியிருக்கின்றன.

இழப்பீடு: வழக்கில் விவசாயிகள் தோற்ற அதே பென்சில்வேனியா, 1968-ல் ஒரு சட்டம் கொண்டுவந்தது. உரிமம் பெற்றவர் செய்த வேலையால் வறட்சி வந்தது என்று மாநில வேளாண் செயலர் முடிவு செய்தால் அவர் விவசாயிகளுக்கு இழப்பீடு தர வேண்டும். பெருமழையால் நிலம் கெட்டாலும் அதேதான்.

நான்காவதைப் படித்தபோது அந்த ஊர் விவசாயிகளை நினைத்துக் கொஞ்சம் பெருமையாக இருந்தது. நீதிமன்றத்தோடு நிற்காமல், சட்டமன்றத்தையும் பிடித்து உலுக்கியிருக்கிறார்கள்.

தவறான ஆளைப் பிடித்தால் என்ன ஆகும் என்பதற்கும் ஒரு பாடம் இருக்கிறது. 2025 ஜூலை 4-ல் டெக்சாஸில் பெருவெள்ளம் வந்து 130 பேருக்கு மேல் இறந்தார்கள். இரண்டு நாள் முன்பு ஒரு நிறுவனம் வேறொரு மாவட்டத்தில் இரண்டு மேகங்களில் விதைப்பு செய்திருந்தது. உடனே பழி முழுக்க அந்தப் பக்கம் திரும்பியது. அப்படி ஒரு வெள்ளத்தை மேக விதைப்பால் உண்டாக்கவே முடியாது என்று வானிலை அறிஞர்கள் விளக்கினார்கள். ஆற்றங்கரையில் ஏன் எச்சரிக்கை போய்ச் சேரவில்லை என்ற கேள்வியைக் கேட்க வேண்டிய நேரத்தில் பலர் வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

அடுத்த மாதக் கூட்டம்

மாசி மாதக் கூட்டத்தில் இதையெல்லாம் சொன்னேன். முதலில், காணொளியைப் பகிர்ந்தது என் தப்பு என்று சொன்னேன். தம்பி கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு கேட்டார்: "அப்போ என் மழை எங்கேண்ணே போச்சு?"

நேர்மையான கேள்வி. எனக்குப் பதில் தெரியவில்லை. அப்போது எங்கள் குழுவில் மூத்த அக்கா ஒருவர் பையிலிருந்து ஒரு நோட்டை எடுத்தார். ஒன்பது வருடமாகத் தன் வீட்டு முற்றத்தில் மழைமானி வைத்துத் தினமும் காலையில் எழுதிவருகிறார். இத்தனை வருடமாக ஒரே தெருவில் இருந்தும் நான் அதைக் கேட்டதில்லை.

நோட்டைப் புரட்டினோம். தம்பிக்குக் கதிர் கருகிய இரண்டு வருடத்திலும் பருவத்தின் மொத்த மழை ஒன்றும் பெரிதாகக் குறையவில்லை. ஐப்பசியில் நாலைந்து நாளில் கொட்டித் தீர்த்துவிட்டது. பிறகு மூன்று வாரம் ஒரு சொட்டு இல்லை. "மழை வந்துச்சு தம்பி. நிக்கலை. அவ்வளவுதான்" என்றார் அக்கா.

அங்கேயே ஒரு கணக்குப் போட்டோம். ஒரு ஏக்கரில் 1 மி.மீ. மழை பெய்தால் ஏறத்தாழ 4,000 லிட்டர். 20 மி.மீ. பெய்தால் 80,000 லிட்டர். மேக விதைப்பு மிக நன்றாக வேலை செய்து 20 சதவீதம் கூட்டினால் கூடுதலாகக் கிடைப்பது 16,000 லிட்டர். பெய்த மழையில் பாதி வரப்பைத் தாண்டி ஓடினால் போவது 40,000 லிட்டர். மேலே யாராவது கொடுப்பதையும் எடுப்பதையும்விடக் கீழே நாம் விடுவது பெரிது. தம்பி அந்தக் கணக்கைத் தன் கைபேசியில் இன்னொரு தடவை போட்டுப் பார்த்தார்.

அதற்காக வானத்தை மறந்துவிடலாம் என்று நான் சொல்லவில்லை. நம் நாட்டில் மேக விதைப்புக்கென்று தனிச் சட்டம் இல்லை. நாளை நம் வட்டாரத்தில் செய்தால் நம்மிடம் யாரும் கேட்க வேண்டிய கட்டாயமும் இல்லை. அதனால் தீர்மானம் போட்டோம். வாசகத்தை மட்டும் மாற்றினோம்.

1. எங்கள் வட்டாரத்தில் மேக விதைப்போ வேறெந்த வானிலை மாற்ற முயற்சியோ செய்வதானால், முன்கூட்டியே கிராம சபைக்குத் தெரிவிக்க வேண்டும்.

2. என்ன பொருள், எவ்வளவு, எங்கே, எப்போது என்ற கணக்கைத் தமிழில் பொதுவில் வைக்க வேண்டும்.

3. முன்பும் பின்பும் மழையளவை அளந்து வெளியிட வேண்டும். பாதிப்பு வந்தால் இழப்பீடு யார் தருவார் என்பதை முதலிலேயே எழுதிவைக்க வேண்டும்.

4. வெயிலை மறைக்கும் எந்தச் சோதனையும், பருவமழையை நம்பி வாழும் மக்களின் ஒப்புதல் இல்லாமல் எந்த நாட்டிலும் நடக்கக் கூடாது என்று அரசு உலக அரங்கில் பேச வேண்டும்.

நம் கையில் உள்ள சான்று

பென்சில்வேனியா விவசாயிகளிடம் உரிமை இருந்தது, சான்று இல்லை. அந்த இடத்தில் நாம் நிற்க வேண்டாம். ஒவ்வொரு ஊரிலும் குறைந்தது மூன்று பேர் மழை அளக்க வேண்டும். செலவு அதிகமில்லை.

அடியிலிருந்து மேல்வரை ஒரே அகலமாக, நேராக நிற்கும் பாத்திரம் எதுவானாலும் சரி. பாட்டிலாக இருந்தால் மேல் பகுதியை வெட்டித் தலைகீழாகப் புனல் மாதிரி செருகுங்கள். அடி வளைவாக இருந்தால் வளைவு மறையும்வரை தண்ணீர் ஊற்றி அங்கே பூஜ்யக் கோடு போடுங்கள். வெளியே ஒரு அளவுகோலை ஒட்டுங்கள். மரத்துக்கும் சுவருக்கும் எட்டாத வெட்டவெளியில் அசையாமல் நிறுத்துங்கள். தினமும் காலை 8.30 மணிக்குப் பார்த்து எழுதுங்கள். வானிலைத் துறையும் அந்த நேரத்தில்தான் எழுதுகிறது, ஒப்பிட வசதியாக இருக்கும். பார்த்த பிறகு பூஜ்யக் கோடுவரை தண்ணீரைச் சரிசெய்துவிடுங்கள். மழை இல்லாத நாளில் 0 என்று எழுதுங்கள். எழுதாத நாளும் மழையில்லாத நாளும் ஒன்றில்லை.

பக்கத்தில் இன்னும் இரண்டு கட்டம் போடுங்கள். ஒன்றில் மண்ணில் எத்தனை விரல்கடை ஈரம் இறங்கியது என்று எழுதுங்கள். இன்னொன்றில் வயலை விட்டுத் தண்ணீர் வெளியே ஓடியதா என்று எழுதுங்கள். மூடாக்குப் போட்ட இடத்தையும் போடாத இடத்தையும் தனித்தனியாகக் குறியுங்கள்.

படிப்பு வட்டத்துக்குச் சில கேள்விகள்

ஆலங்கட்டிக்குப் பயந்த தோட்டக்காரர், வறட்சிக்குப் பயந்த மாட்டுக்காரர், இருவருமே விவசாயிகள். நீங்கள் அந்த ஊர் கிராம சபையில் இருந்திருந்தால் என்ன முடிவு எடுத்திருப்பீர்கள்?

முழுத் தடை, முன்னறிவிப்பு, ஒப்புதல், இழப்பீடு. இந்த நான்கில் நம் ஊருக்கு எது முதலில் வேண்டும்? ஏன்?

கடைசியாக உங்கள் குழுவில் நீங்கள் பகிர்ந்த ஒரு செய்தியை எடுத்துக்கொள்ளுங்கள். அதில் எது உண்மை, எது பயம் என்று எல்லோரும் சேர்ந்து பிரித்துப் பாருங்கள்.

தம்பி இன்னும் திருப்பூர் போகவில்லை. போகமாட்டேன் என்றும் சொல்லவில்லை. "இந்த ஒரு பட்டம் பார்க்கிறேன்" என்றிருக்கிறார். பங்குனியில் நாங்கள் ஏழு பேர் சேர்ந்து அவர் நிலத்தின் கீழ்ப்புற வரப்பை முக்கால் அடி உயர்த்திக் கொடுத்தோம். பள்ளமான மூலையில் குட்டைக்கு அளந்து கயிறு கட்டியிருக்கிறது. அவர் வீட்டு வாசலில் ஒரு மழைமானி இருக்கிறது. அக்கா வந்துதான் நிறுத்திக் கொடுத்தார். போன வாரக் கோடை மழைக்கு அதில் 11 மி.மீ. காட்டியது. எங்கள் குழுவில் அவர் பகிர்ந்த முதல் மழைக்கணக்கு அது.